போர்ட்டைப் பிடித்திருப்பது யார்? கண்டுபிடித்து விடுவிப்பது எப்படி?

புதிதாக ஒரு சர்வர் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் நிறுவுகிறீர்கள். ஆவலோடு ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறீர்கள். பச்சை நிறம் வர வேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்துகளில் ஒரு செய்தி வருகிறது. "போர்ட் 80 பயன்பாட்டில் உள்ளது" என்றோ, "இந்த முகவரி ஏற்கனவே பயன்படுத்தப்படுகிறது" என்றோ பொருள் தரும் ஆங்கில வாசகம் அது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் புரோகிராம் உட்கார வேண்டிய இடத்தில் வேறொரு புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு ஒரே வரியில் முடிந்துவிடும். "உட்கார்ந்திருக்கும் புரோகிராமை மூடிவிடுங்கள்." நானும் ஒரு முறை அப்படித்தான் மூடினேன். அதனால் என் அத்தானின் மருந்துக் கடையில் ஒரு காலை முழுக்கப் போட்ட பில்கள் காணாமல் போயின. அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

போர்ட் என்றால் என்ன?

ஒரு பெரிய பேருந்து நிலையத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நிலையத்திற்கு ஒரே முகவரிதான். ஆனால் உள்ளே பேருந்துகள் நிற்க எண் போட்ட இடங்கள் பல உள்ளன. மதுரைப் பேருந்து எந்த எண்ணில் நிற்கும் என்று தெரிந்தால் பயணி நேராக அங்கே போய்விடுவார். கம்ப்யூட்டரின் ஐபி முகவரி என்பது அந்த நிலையத்தின் முகவரி. போர்ட் என்பது உள்ளே இருக்கும் எண்.

இணையத்திலிருந்தோ, பக்கத்து அறையில் உள்ள கம்ப்யூட்டரிலிருந்தோ வரும் தகவல், ஐபி முகவரியைப் பார்த்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. வந்த பிறகு போர்ட் எண்ணைப் பார்த்து உரிய புரோகிராமிடம் போய்ச் சேருகிறது. ஒரு எண்ணில் ஒரு சர்வர் புரோகிராம் காத்திருந்தால், பொதுவாக அதே எண்ணில் இன்னொன்று நிற்க முடியாது. இப்படிக் காத்திருப்பதைத்தான் 'லிசனிங்' என்கிறார்கள். பின்னால் இந்தச் சொல் பல இடங்களில் வரும், நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

போர்ட் எண்கள் 0 முதல் 65535 வரை உள்ளன. போர்ட் எண்ணுக்காக 16 பிட் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதே இந்த அளவுக்குக் காரணம். இவற்றை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 0 முதல் 1023 வரை உள்ளவை எல்லோரும் அறிந்த பொதுச் சேவைகளுக்கு. 1024 முதல் 49151 வரை பதிவு செய்யப்பட்ட சேவைகளுக்கு. 49152 முதல் 65535 வரை தற்காலிகப் பயன்பாட்டுக்கு.

அடிக்கடி எதிர்ப்படும் எண்கள் சில: இணையப் பக்கங்களுக்கு 80, பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, பைல் மாற்றத்திற்கான எஃப்டிபிக்கு 21, அஞ்சல் அனுப்ப 25, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பிற்கு 3389, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேசுக்கு 3306.

இந்த எண்களை ஒதுக்கும் வேலையைச் செய்வது ஐயானா என்ற அமைப்பு. ஒரு எண் எப்படிக் கிடைக்கிறது என்பதற்குச் சுவையான கதை ஒன்று உண்டு. 1995ல் பின்லாந்தைச் சேர்ந்த டாட்டு யுலோனன், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொடர்பு முறையை உருவாக்கினார். அது எஃப்டிபி, டெல்நெட் ஆகிய இரண்டு பழைய முறைகளின் வேலையையும் செய்ய வந்தது. அவற்றின் எண்கள் 21, 23. நடுவில் 22 காலியாக இருந்தது. அதைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், கிடைத்துவிட்டது. இன்றும் எஸ்எஸ்எச் போர்ட் 22ல்தான் இயங்குகிறது. காலியாக இருக்கிறதா என்று பார்த்து, கேட்டு வாங்கிக் கொள்வதுதான் போர்ட் உலகின் மரியாதை. நான் அந்த மரியாதையை மீறிய கதைக்கு வருகிறேன்.

அன்று நடந்தது

அத்தானின் மருந்துக் கடை வீட்டின் முன்பக்கம். கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர். உள்ளறையில் இன்னொன்று. கணக்கு முழுவதும் உள்ளறைக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். கடைக் கம்ப்யூட்டர் அதனிடம் கேட்டுக் கேட்டு பில் போடும். ஆக, உள்ளே இருப்பது பார்க்கச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர், செய்வது சர்வர் வேலை.

அக்கா மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறாள். இணையத்தளம் அமைத்துப் பழக, உள்ளறைக் கம்ப்யூட்டரில் எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவினாள். அப்பாச்சி வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஒரே தொகுப்பில் கிடைக்கும். அப்பாச்சி இயங்கியது, டேட்டாபேஸ் இயங்கவில்லை. "மாமா, வந்து பாருங்க" என்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன்.

போர்ட் 3306 பயன்பாட்டில் உள்ளது என்று எக்ஸாம்ப் சொன்னது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 'மைஎஸ்க்யூஎல்டி' என்ற பெயரில் ஒன்று ஓடிக் கொண்டிருந்தது. மருமகள் பல முறை ஸ்டார்ட் அழுத்தியதில் பழைய பிரதி ஒன்று தொங்கி நிற்கிறது என்று நானே முடிவு செய்தேன். எண்ட் டாஸ்க் கொடுத்தேன். எக்ஸாம்பில் ஸ்டார்ட் அழுத்தினேன். பச்சை வந்தது. "பார்த்தாயா, இவ்வளவுதான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஐந்து நிமிடம் கழித்து முன்பக்கத்திலிருந்து அத்தான் குரல் கேட்டது. "பில் போக மாட்டேங்குதே, அங்க என்ன பண்றீங்க?"

நான் மூடியது கடையின் பில்லிங் டேட்டாபேஸ். அந்தப் பில்லிங் புரோகிராம் தனக்கென்று ஒரு மைஎஸ்க்யூஎல்லை வைத்துக் கொண்டு 3306ல் காத்திருந்தது. எக்ஸாம்பில் உள்ளது மைஎஸ்க்யூஎல்லில் இருந்து 2009ல் பிரிந்து வந்த மரியாடிபி. ஆனால் இயங்கும் பைலின் பெயர் அதிலும் மைஎஸ்க்யூஎல்டி தான். ஒரே பெயர், இரண்டு ஆள். நான் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்தேன்.

மருமகளின் டேட்டாபேசை நிறுத்தி, பில்லிங் சர்வீசை மீண்டும் தொடங்கினோம். மருந்து இருப்புப் பட்டியல் திறக்கவில்லை. அட்டவணை பழுதடைந்துள்ளது, சரி செய்ய வேண்டும் என்று செய்தி வந்தது. அந்தப் புரோகிராம் மைஐசாம் என்ற பழைய வகை அட்டவணைகளைப் பயன்படுத்தியது. எழுதிக் கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தினால் இவ்வகை அட்டவணைகள் பாதியில் நின்றுவிடும். இன்னோடிபி என்ற புதிய வகையாக இருந்திருந்தால், தனது பதிவேட்டைப் பார்த்துத் தானே சரி செய்து கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பில்லிங் புரோகிராம் அமைத்துக் கொடுத்தவரைப் போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல ரிப்பேர் செய்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. இருப்புப் பட்டியல் திரும்பியது. காலையில் போட்ட பில்கள் திரும்பவில்லை. கார்பன் நகல்களை வைத்து, மருந்தின் பேட்ச் எண், காலாவதித் தேதி உட்பட ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்றினோம். அத்தான் கோபப்படவில்லை. "எடத்த அடச்சிட்டு நிக்கிறது யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்ள" என்றார். அதுதான் வலித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸாம்ப் காட்டிய அந்தச் சிவப்பு வரியிலேயே, போர்ட்டைப் பிடித்திருக்கும் பைல் எந்த போல்டரில் உள்ளது என்பது முழுதாக எழுதப்பட்டிருந்தது. நான் பாதி வரியில் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

முதல் வழி: ரிசோர்ஸ் மானிட்டர்

கட்டளைகள் பழகாதவர்களுக்கு இதுவே எளிது. விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உள்ளது.

1. ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று டைப் செய்து, கிடைக்கும் புரோகிராமைத் திறக்கவும்.

2. மேலே உள்ள டேப்களில் நெட்வொர்க் என்பதில் கிளிக் செய்திடவும்.

3. கீழே லிசனிங் போர்ட்ஸ் என்ற பகுதி மூடியிருக்கும். அதன் தலைப்பில் கிளிக் செய்தால் விரியும்.

4. போர்ட் என்ற தலைப்பில் கிளிக் செய்தால் எண் வரிசையில் அடுக்கப்படும். உங்களுக்கு வேண்டிய எண்ணைத் தேடவும்.

அந்த வரியில் இமேஜ் என்பதன் கீழ் புரோகிராமின் பெயரும், பிஐடி என்பதன் கீழ் ஓர் எண்ணும் இருக்கும். இயங்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்தான் பிஐடி. பெயரை விட இந்த எண் முக்கியம். ஒரே பெயரில் இரண்டு ஓடலாம், ஒரே பிஐடியில் இரண்டு ஓடாது. குறித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாம் வழி: கட்டளை மூலம்

இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கில சிறிய எழுத்துகளில் டைப் செய்திடவும்.

தேடல் கட்டத்தில் சிஎம்டி என்று டைப் செய்தால் கமாண்ட் பிராம்ப்ட் கிடைக்கும். அதில் ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் இதை டைப் செய்து என்டர் தட்டவும்:

நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ

நெட்வொர்க் என்பதன் முதல் மூன்று எழுத்துகள், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பதன் முதல் நான்கு எழுத்துகள், இரண்டையும் ஒட்டினால் நெட்ஸ்டாட். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகள். ஏ என்றால் காத்திருப்பவை உட்பட எல்லாவற்றையும் காட்டு. என் என்றால் பெயர்களைத் தேடாமல் எண்களாகவே காட்டு. ஓ என்றால் பிஐடியையும் சேர்த்துக் காட்டு.

பட்டியல் நீளமாக ஓடும். வேண்டியதை மட்டும் வடிகட்ட இப்படிக் கொடுக்கலாம்:

நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ | ஃபைண்ட்எஸ்டிஆர் :3306

நடுவில் இருப்பது செங்குத்துக் கோடு. பெரும்பாலான கீபோர்டுகளில் என்டர் கீக்கு அருகே, ஷிப்ட் கீயுடன் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும். ஃபைண்ட்எஸ்டிஆர் என்பது ஃபைண்ட் என்ற சொல்லோடு எஸ், டி, ஆர் என்ற எழுத்துகள் சேர்ந்தது. ஸ்ட்ரிங் என்பதன் முதல் மூன்று எழுத்துகள் அவை.

கிடைக்கும் ஒவ்வொரு வரியிலும் ஐந்து தகவல்கள் இருக்கும். முதலில் டிசிபி அல்லது யுடிபி என்ற வகை. அடுத்து நம் கம்ப்யூட்டரின் முகவரியும் போர்ட்டும். அடுத்து எதிர்முனையின் முகவரியும் போர்ட்டும். அடுத்து நிலை. கடைசியில் பிஐடி. யுடிபி வரிகளில் நிலை இருக்காது.

இங்கே புதியவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, வடிகட்டும்போது தேடிய எண்ணில் தொடங்கும் பெரிய எண்களும் சேர்ந்து வரும். 80 என்று தேடினால் 8080ம் வரும். 3306 என்று தேடினால் 33060ம் வரும். இது கற்பனை எண் அல்ல, மைஎஸ்க்யூஎல்லின் புதிய பதிப்புகள் உண்மையிலேயே பயன்படுத்தும் இன்னொரு போர்ட். எண்ணை முழுதாகப் படியுங்கள்.

இரண்டு, எதிர்முனையின் போர்ட்டை நம் போர்ட் என்று நினைத்துவிடுவது. பிரவுசரில் ஏதாவது தளம் திறந்திருந்தால், 443 என்ற எண் பல வரிகளில் தெரியும். அது அந்தத் தளத்தின் சர்வரில் உள்ள 443. உங்கள் 443ஐ பிரவுசர் பிடித்து வைத்திருக்கவில்லை. இதைப் புரிந்து கொள்ளாமல் பிரவுசரை மூடிப் பயன் இல்லை. நம் முகவரிப் பகுதியில் அந்த எண் இருந்து, நிலையில் லிசனிங் என்று இருக்கும் வரிதான் நமக்கு வேண்டியது.

நம் முகவரி 127.0.0.1 என்று இருந்தால், அந்தப் புரோகிராம் இதே கம்ப்யூட்டருக்குள் மட்டும் சேவை செய்கிறது. 0.0.0.0 என்று இருந்தால் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் சேவை செய்யத் தயாராக உள்ளது. அன்று நான் இதைப் பார்த்திருந்தால், கடைக் கம்ப்யூட்டரின் முகவரியோடு எஸ்டாப்ளிஷ்ட் என்ற நிலையில் இன்னொரு வரியும் கண்ணில் பட்டிருக்கும். பேருந்தில் பயணிகள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

பிஐடியிலிருந்து ஆளை அறிதல்

பிஐடி 2460 என்று கிடைத்ததாக வைத்துக் கொள்வோம். இதை டைப் செய்திடவும்:

டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி | ஃபைண்ட்எஸ்டிஆர் 2460

புரோகிராமின் பெயரும், அது ஒரு சர்வீசாக இயங்கினால் அந்த சர்வீசின் பெயரும் கிடைக்கும். சர்வீஸ் என்பது விண்டோஸ் தொடங்கும்போதே திரைக்குப் பின்னால் இயங்கத் தொடங்கும் புரோகிராம்.

அடுத்து, எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். டீடெய்ல்ஸ் பகுதிக்குச் செல்லவும். அதே பிஐடி உள்ள வரியில் ரைட் கிளிக் செய்து, ஓபன் பைல் லொகேஷன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அந்தப் பைல் இருக்கும் போல்டர் திறக்கும். எக்ஸாம்ப் போல்டர் திறந்தால் அது மருமகளுடையது. பில்லிங் போல்டர் திறந்தால் அது அத்தானுடையது. அரை நிமிட வேலை. இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

சில சிறப்பு நிகழ்வுகளையும் தெரிந்து கொள்ளுங்கள்.

பிஐடி 4, சிஸ்டம் என்று வந்தால்: போர்ட் 80ல் இது அடிக்கடி வரும். விண்டோஸின் உள்ளேயே இணையக் கோரிக்கைகளை வாங்கும் பகுதி ஒன்று உள்ளது. வேறு ஏதோ ஒரு சர்வீஸ் அதன் வழியாக 80ஐப் பயன்படுத்துகிறது என்று பொருள். சிஸ்டம் என்பதை மூட முயல வேண்டாம். சர்வீசஸ் பட்டியலில் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

எஸ்விசிஹோஸ்ட் என்று வந்தால்: இந்த ஒரு பெயருக்குள் பல சர்வீஸ்கள் குடியிருக்கலாம். மூடினால் தொடர்பில்லாத வேறு வசதிகளும் நின்றுவிடும். டாஸ்க்லிஸ்ட் காட்டிய சர்வீஸ் பெயரைப் பிடித்து, அதை மட்டும் நிறுத்தவும்.

எதிர்பாராத புரோகிராம் வந்தால்: வெப் சர்வருக்குத் தொடர்பே இல்லாத புரோகிராம்களும் 80ஐப் பிடிக்கலாம். ஸ்கைப் புரோகிராமில் 80, 443 போர்ட்களை மாற்று வழியாகப் பயன்படுத்தும் ஒரு அமைப்பு இருந்தது. அப்பாச்சி தொடங்காமல் திணறிய பலருக்கு அதுவே காரணமாக இருந்தது. 2025 மே மாதத்தில் ஸ்கைப் சேவை முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் பாடம் அப்படியே இருக்கிறது. பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம், பட்டியலைப் பாருங்கள்.

பைல் ஏதோ ஒரு தற்காலிக போல்டரில், புரியாத பெயரில் இருந்தால், ஆன்டி வைரஸ் கொண்டு முழுமையாகச் சோதித்த பிறகு மேலே செல்லவும்.

விடுவிக்கும் முறை

இப்போது யார் என்று தெரிந்துவிட்டது. இடத்தைக் காலி செய்ய வைப்பதில் ஒரு வரிசை உண்டு. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக முயல வேண்டும். நேராகக் கடைசிக்குத் தாவக் கூடாது.

1. புரோகிராமின் சொந்த வழியில் மூடவும். அதன் விண்டோவில் எக்ஸிட் அல்லது ஸ்டாப் பட்டன் இருந்தால் அதையே பயன்படுத்தவும். சில புரோகிராம்கள் விண்டோவை மூடினாலும் கடிகாரத்தின் அருகே சிறு ஐகானாக உட்கார்ந்திருக்கும். அதில் ரைட் கிளிக் செய்து எக்ஸிட் கொடுக்கவும்.

2. சர்வீஸ் என்றால், ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து ஸ்டாப் கொடுக்கவும். டேட்டாபேஸ் போன்றவை இப்படி நிறுத்தும்போது கையில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி, பைல்களை ஒழுங்காக மூடிவிட்டு நிற்கும்.

3. கட்டளை மூலம் கேட்கலாம். டாஸ்க்கில் /பிஐடி 2460 என்று கொடுத்தால், விண்டோ உள்ள புரோகிராமுக்கு மூடும்படி கோரிக்கை போகும். சேமிக்காத பைல் இருந்தால் அது உங்களைக் கேட்கும். திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம்கள் இந்தக் கோரிக்கைக்கு மசியாது.

4. வேறு வழியே இல்லை என்றால் மட்டும், அதே கட்டளையின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு /எஃப் சேர்க்கவும். இது வற்புறுத்தி மூடுவது. புரோகிராமுக்கு எதையும் சேமிக்க அவகாசம் கிடைக்காது. டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பகுதியில் எண்ட் டாஸ்க் கொடுப்பதும் இது போன்றதே. பேருந்தைப் பயணிகளோடு கிரேன் வைத்து இழுப்பது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மூடிய சில விநாடிகளில் அதே புரோகிராம் வேறு பிஐடியோடு மீண்டும் முளைத்தால், அது சர்வீசாக இருக்கிறது, நின்றால் தானே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மீண்டும் மீண்டும் மூடிப் பயன் இல்லை. இரண்டாம் படிக்குத் திரும்பவும்.

நாமே இடம் மாறலாம்

பல நேரங்களில் யாரையும் எழுப்பத் தேவையே இல்லை. நம் புரோகிராமுக்கு வேறு எண் கொடுத்துவிடலாம். அன்று மாலை நாங்கள் செய்தது இதுதான்.

எக்ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் வரியில் உள்ள கான்பிக் பட்டனைக் கிளிக் செய்து, மை.ஐஎன்ஐ என்ற பைலைத் திறந்தோம். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தோம். போர்ட் = 3306 என்று வரும் இடங்களில் 3307 என்று மாற்றிச் சேமித்தோம். கிளையன்ட் பகுதி, சர்வர் பகுதி இரண்டிலும் இந்த வரி இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். பிஎச்பிமைஅட்மின் அமைப்பிலும், மருமகள் எழுதிய புரோகிராமிலும் புதிய எண்ணைக் கொடுத்தோம். கடையின் டேட்டாபேஸ் 3306ல், அவளுடையது 3307ல். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் சண்டை இல்லாமல் இயங்கின.

அப்பாச்சிக்கும் இதே முறைதான். எச்டிடிபிடி.கான்ப் என்ற பைலில் லிசன் 80 என்ற வரியை லிசன் 8080 என்று மாற்றவும். அதன் பிறகு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று டைப் செய்து, ஒரு முக்காற்புள்ளி இட்டு, 8080 சேர்த்தால் பக்கம் கிடைக்கும். எண்ணைச் சேர்க்க மறந்தால் பிரவுசர் வழக்கம் போல 80ல் போய்த் தேடும்.

புதிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன், அது காலியா என்று நெட்ஸ்டாட் மூலம் பார்த்துக் கொள்ளுங்கள்.

யாருமே இல்லை, ஆனாலும் பிழை வருகிறதா?

பட்டியலில் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் புரோகிராம் தொடங்க மறுக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, சற்று முன் முடிந்த தொடர்புகள். நிலையில் டைம் வெயிட் என்று இருந்தால், தொடர்பு முடிந்தும் தாமதமாக வரும் தகவல்களுக்காகச் சிறிது நேரம் அந்த இடம் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. பேருந்து போன பிறகும் புழுதி அடங்கச் சற்று நேரம் ஆவது போல. லினக்ஸில் இது 60 விநாடி. ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் முன்பதிவு. ஹைப்பர்-வி போன்ற வசதிகளை இயக்கியிருந்தால், விண்டோஸ் சில போர்ட் வரிசைகளை மொத்தமாக ஒதுக்கி வைக்கும். இவை நெட்ஸ்டாட் பட்டியலில் தெரியாது. பிழைச் செய்தியும் மாறும். போர்ட் பயன்பாட்டில் இருந்தால் வரும் பிழை எண் 10048. அனுமதி இல்லை என்றால் 10013. இந்த இரண்டாவது எண் வந்தால் புரோகிராமைத் தேடி அலைய வேண்டாம், வேறு போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுப்பதே எளிது.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து இதைக் கொடுக்கவும்:

சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி

எல் என்றால் லிசனிங், டி என்றால் டிசிபி, என் என்றால் எண்களாக, பி என்றால் புரோகிராமின் பெயரோடு. சூடோ இல்லாமல் கொடுத்தால் மற்ற பயனாளர்களின் புரோகிராம் பெயர்கள் தெரியாது. சர்வீஸ் என்றால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்ற கட்டளையோடு அதன் பெயரைக் கொடுத்து நிறுத்தவும். தனிப் புரோகிராம் என்றால் கில் கட்டளையோடு பிஐடியைக் கொடுக்கவும். கில் என்ற பெயர் பயமுறுத்தினாலும், அது முதலில் அனுப்புவது முடித்துக் கொள்ளும்படியான கோரிக்கையே. கில் -9 என்பதுதான் மறுக்க முடியாத கட்டளை. அதைக் கடைசியாக வைத்துக் கொள்ளுங்கள். மேலும், லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள எண்களை வழக்கமாக ரூட் அனுமதி உள்ள புரோகிராம்கள்தான் பிடிக்க முடியும். சாதாரண பயனாளராக 80ல் தொடங்கப் பார்த்து மறுக்கப்பட்டால், அதற்குக் காரணம் இன்னொரு புரோகிராம் அல்ல, அனுமதிதான்.

ஒரு குழப்பம் தீர

போர்ட்டை விடுவிப்பது வேறு, பயர்வாலிலோ ரவுட்டரிலோ போர்ட்டைத் திறப்பது வேறு. முதலாவது, கம்ப்யூட்டருக்குள் இடத்தைக் காலி செய்வது. இரண்டாவது, வெளியிலிருந்து வருவோருக்குக் கதவைத் திறந்துவிடுவது. பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வந்ததும் பயர்வாலை நிறுத்திவிடுகிறார்கள் சிலர். இந்தப் பிழை அதனால் தீராது. பாதுகாப்புதான் போகும்.

நினைவில் கொள்ள

பிழைச் செய்தியைக் கடைசி எழுத்து வரை படிக்கவும். போர்ட் எண்ணிலிருந்து பிஐடி, பிஐடியிலிருந்து பைல், பைலிலிருந்து போல்டர் என்று போகவும். யாராவது அதைப் பயன்படுத்திக் கொண்டிருக்கிறார்களா என்று எஸ்டாப்ளிஷ்ட் வரிகளைப் பார்க்கவும், வீட்டில் உள்ளவர்களிடமும் கேட்கவும். முதலில் முறையாக நிறுத்தவும். முடிந்தால் நாமே வேறு எண்ணுக்கு மாறவும். வற்புறுத்தி மூடுவது கடைசி வழி. கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர் என்றால், கை வைக்கும் முன் பேக்கப் எடுக்கவும்.

அத்தான் கடையின் உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 3306 கடை, 3307 பாப்பா, 80 பாப்பா என்று மருமகள் எழுதி ஒட்டியது. உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இயங்கினால், இப்படி ஒரு தாளை இன்றே ஒட்டி விடுங்கள்.